ஆளுநர் வீட்டு லவ் கேக்

சென்ற வியாழக்கிழமை காலை, வெள்ளவத்தைச் சந்தையில் நெத்தலி பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் முன்பு வேலை செய்த பத்திரிகையிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். முன்னாள் ஆளுநர் ஒருவரின் மனைவி இறந்துவிட்டாராம்.

“அக்கா, நீங்கள் அவவைப் பேட்டி எடுத்திருக்கிறீங்கள். பழைய ஃபைல்ல கிடந்தது, லவ் கேக் ரெசிப்பியோட. அதையே திருப்பிப் போடட்டோ?”

“போடாதேங்கோ தம்பி. அது அவவின்ர கேக் இல்லை. நான் எழுதின பொய்.”

“சும்மா பகிடி விடாதேங்கோ அக்கா.”

நெத்தலி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். கோபம் வந்தால் எனக்குச் சமைக்க வராது. கோபமில்லாத நாட்களிலும் பெரிதாக வராது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இறந்துபோனவருக்கு ஒரு பெயர் இருந்தது. புளோரன்ஸ். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் பத்தொன்பது வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவர். அவருடைய கணவர் ஆளுநராக இருந்தது பதினான்கு மாதம். மரண அறிவித்தலில் அந்தப் பதினான்கு மாதம் மட்டுமே வந்திருக்கிறது.

பன்னீர் மணம் பலருக்குக் கல்யாண வீட்டை நினைவூட்டும். எனக்கு அது புளோரன்ஸ் மிஸ்ஸின் சேலை. அப்போது நான் பெண்கள் பக்கத்தில், வேலை இன்னும் நிரந்தரமாகாத நிருபர். ‘ஆளுநரின் பாரியாருடன் ஒரு நாள்’ என்று அரைப் பக்கம் எழுத அனுப்பினார்கள். அன்று மூன்று வைபவங்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர்மேல் பன்னீர் தெளித்தார்கள். கணவருக்குப் பெரிய மாலை, இவருக்குச் சின்ன மாலை. கணவர் முதல் திரியை ஏற்றினார், இவர் இரண்டாவதை. ஒரு தையல் நிலையத் திறப்பில் நாடா வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டோடு ஏந்தி நின்றார். மூன்று மேடைகளிலும் ‘பாரியார்’ என்றே நன்றி சொன்னார்கள். யாரும் பெயரை விசாரிக்கவில்லை. பின்னால் நின்ற அதிகாரி மட்டும் அடிக்கடி குனிந்து, “மேடம், கொஞ்சம் சிரிங்க, கெமரா இருக்கு” என்றார்.

பின்னேரம், வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்த அவர்களின் சொந்த வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்தபடி சொன்னார்: “தங்கச்சி, இந்த மாசம் இருபது குத்துவிளக்குக் கொளுத்திப்போட்டன். ஸ்கூல் லாப்பில ஒரு பேர்னர் கொளுத்தேல்லை.”

பிறகு நடந்ததைச் சொன்னார். ஆளுநரின் மனைவி ஒரு பாடசாலை அதிபருக்குக் கீழே வேலை செய்வது மரியாதை இல்லை, பாதுகாப்பும் இல்லை என்று மேலே யாரோ தீர்மானித்துவிட்டார்கள். அவர் கேட்காமலே, அவருடைய ‘விருப்பத்தின்படி’ சம்பளமில்லாத லீவு வந்தது. வகுப்பில் பதின்மூன்று பிள்ளைகள். பரீட்சைக்கு நான்கு மாதம். பதில் ஆசிரியர் இல்லை. அநேகமானவர்கள் ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ் பிள்ளைகள். டியூஷனுக்குக் கொடுக்க அந்த வீடுகளில் வசதி இல்லை. இவர் சாரதியிடம் நோட்ஸ் கொடுத்தனுப்பினார். இரண்டாம் வாரமே அதையும் நிறுத்தினார்கள்.

“கத்தரிக்கோல் பிடிக்க அந்தக் கார் போகும் தங்கச்சி. நோட்ஸ் கொண்டு போனா அரசாங்க வாகனமாம்.”

உள்ளிருந்து ஆளுநர் எட்டிப் பார்த்தார். “புளோரன்ஸ், இதெல்லாம் பேப்பருக்குச் சொல்லுறதோ?”

“உங்களுக்குத் தந்த வேலையை நீங்கள் பாருங்கோ. என்னட்ட இருந்து எடுத்த வேலையைப் பற்றித்தான் நான் கதைக்கிறன்.”

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பதினான்கு மாதமும் அந்த மனிதர் செய்தது அது ஒன்றுதான் என்று எழுத ஆசை. ஆனால் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பின்னேரம் மட்டுமே.

“இதை மட்டும் போடுங்கோ,” என்றார் மிஸ். “நான் திரும்பிப் போய்ப் படிப்பிக்க விரும்புறன் எண்டு. அச்சில வந்தா, நான் கேட்டு லீவெடுத்தது எண்டு அவையால சொல்ல ஏலாது.”

அதைத்தான் முதல் பந்தியாக எழுதினேன். பதினொரு வரி. பக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

“பிள்ளை, ஆளுநரின்ர மனுசி வேலை கேட்டு அழுகிறதை ஆர் வாசிக்கிறது?” சிவப்புப் பேனா ஒரே இழுப்பில் இறங்கியது. “இப்ப பக்கத்தில ஓட்டை. ஒரு சமையல் குறிப்பு எழுதும். வேதக்கார ஆக்கள்தானே, கிறிஸ்மஸுக்குச் செய்யிற லவ் கேக் போடும்.”

“அவ கேக்கைப் பற்றிக் கதைக்கவே இல்லை சேர்.”

“ஆர் போய்க் கேக்கப்போயினம்?”

எழுதினேன். அதுவரை ஒரு முட்டையை ஒழுங்காகப் பொரித்திராத நான், ரவை, கஜு, பன்னீர் என்று அளவுகளைக் கற்பனை செய்தேன். முட்டையை எழுத மறந்துபோனேன். கேக் கல்லாகிவிட்டது என்று மூன்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த முறைப்பாடு அது மட்டும்தான். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்க இருந்தார்கள். அதனால் மறுக்கவில்லை. அதிகாரிகள் மீதும் அந்த ஆசிரியர் மீதும் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் கட்டுரைக்கு அடியில் இருப்பது அவர்களின் பெயர் இல்லை, என் பெயர்.

கட்டுரை வந்த மறுநாள் மிஸ் அழைத்தார். “நான் சொன்னது எங்க தங்கச்சி?”

“இடம் காணாமல் போச்சுது மிஸ்.”

“கேக்குக்கு இடம் இருந்ததுதானே.”

அதோடு போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் போன வைபவங்களில் எல்லாம் தேநீரோடு லவ் கேக் வைத்தார்கள். ஒரு தடவை நானே பார்த்தேன். கெமராவுக்கு முன்னால் முழுத் துண்டையும் சாப்பிட்டார்.

பதின்மூன்று பேரும் ஆசிரியர் இல்லாமலே பரீட்சைக்குப் போனார்கள். இரசாயனவியலில் இரண்டு பேர் சித்தியடைந்தார்கள். அந்த முடிவைப் பார்த்த பெற்றோர் அடுத்த வருடம் விஞ்ஞானப் பிரிவில் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் ஆளுநர் பதவி போனதும், அடுத்த திங்கட்கிழமையே மிஸ் பாடசாலைக்குப் போனார். படிப்பிக்க வகுப்பு இல்லை. ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மிஸ் இறந்த செய்தி கேட்ட மறுநாள், வெள்ளிக்கிழமை, நான் கொட்டாஞ்சேனையில் அந்தப் பாடசாலைக்குப் போனேன். உப அதிபர் இளம் பெண், மரியாதையானவர்.

“ஏ லெவல் சயன்ஸா? இங்கயா? எப்பவும் ஆர்ட்ஸும் கொமர்ஸும்தானே மிஸ்.”

மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். ஆய்வுகூடம் இருந்த அறையில், பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகர்களுக்கான மெத்தை நாற்காலிகளை அடுக்கி, பொலித்தீனால் மூடியிருக்கிறார்கள். எரிவாயுக் குழாய் வந்த துளைகளைச் சீமெந்து பூசி அடைத்திருக்கிறார்கள். இங்கே பத்தொன்பது வருடம் ஒருவர் இரசாயனவியல் படிப்பித்தார் என்றேன்.

அவர் உண்மையாகவே ஆர்வப்பட்டார். “அப்படியா? மலர் ஒன்னு போடுறோம் மிஸ், ஸ்கூல் ஹிஸ்டரியோட. அவங்களப் பத்தி பேப்பர்ல ஏதாவது வந்திருக்கா?”

இல்லை என்றேன்.