பானட்டை மூடினால் கேட்கும் சத்தம்

போன வாரம் என் காரைக் கம்பெனி சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். வீட்டுக்கு வருகிற வழியிலேயே முன்பக்கமிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். அப்படியே திருப்பிக்கொண்டு போனேன். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒரு பெண் வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, கையிலிருந்த மெஷினைப் பார்த்துவிட்டு, "எரர் எதுவும் காட்டல சார்" என்றாள். சத்தம் வருகிறதே என்றேன். பானட்டைத் திறந்தாள். சத்தம் நின்றுவிட்டது. "தொறந்தா கேக்கலயே சார்" என்று அவள் சிரித்தாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் ஒருவன் இதையே சொல்லிச் சொல்லி அழிந்துபோனான். அழித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நான் ஏதோ மனம் திருந்தியவன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

அவன் பெயர் ஏழுமலை. ஜங்ஷன் ரோட்டில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் இருவரும் மெக்கானிக். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அதனால் அண்ணே என்பான். எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. வண்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் டீ வாங்க வேண்டும். ஆறு வருஷம் நான்தான் டீ வாங்கினேன். நான் டேப்பட் என்பேன், அவன் பேரிங் என்பான். பிரித்தால் பேரிங்தான் போயிருக்கும். ஜெயித்துவிட்டுப் பீற்றிக்கொள்கிறவனாக இருந்தாலாவது திட்டிவிட்டுப் போயிருப்பேன். "வுடுங்கண்ணே, ரோட்டு எரைச்சல்ல ஒங்களுக்கு சரியா கேட்டுருக்காது" என்று ஆறுதல் வேறு சொல்வான். அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் தனியாகக் கடை போடப் போவதாகச் சொன்னான். பெண்ணாடம் ரோட்டில் ஷெட்டெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் சொன்னான். கூட வாங்கண்ணே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். கேட்கவில்லையே.

முதல் வேலையே பெரிய வேலை. ஊரில் பேர்பெற்ற ஒரு வக்கீலின் வெள்ளை அம்பாசிடருக்கு முழு என்ஜின் வேலை. அது நன்றாக ஓடினால் கோர்ட்டு வட்டாரத்து வண்டிகள் எல்லாம் அவன் ஷெட்டுக்கு வரும். ஓடாவிட்டால் ஒன்றும் வராது. வண்டியைக் கொடுக்கிற அன்று பூஜை, வந்துவிடுங்கள் என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டான்.

எங்கள் ஊரில் பீங்கானுக்குப் பஞ்சமில்லை. சூளையில் கோணிப்போனதையெல்லாம் ரோட்டோரம் கொட்டி வைத்திருப்பார்கள். தலையில்லாத பொம்மை, பிடியில்லாத கப், வெடித்த பியூஸ் கட்டை. மழை பெய்து ரோடு பள்ளமானால் அதை அள்ளித்தான் போடுவோம். கரண்டு அடுப்புக் கம்பியில் கோர்க்கிற பீங்கான் மணி இருக்கிறதே, சுண்டைக்காயை விடச் சின்னதாக, அதில் நாலைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூஜைக்குப் போனேன். எதற்கு என்று அப்போது தெரியாது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியும். அம்பாசிடர் பானட்டின் உள்பக்கம் பலத்துக்காக ஒரு தகரச் சட்டம் ஓடும். அதில் அங்கங்கே ஓட்டை, உள்ளே வெறும் பொந்து. ஒருமுறை ஒரு நட்டு அதில் விழுந்து நானே ஒரு பகல் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம், தேங்காய், பூசணிக்காய் எல்லாம் தயாராக இருந்தது. ஏழுமலை சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "என்ஜினுக்கு நீங்க பொட்டு வைங்கண்ணே. ஒங்க கையால வச்சாதான் எனக்கு சரிப்படும்" என்றான். ஓடிச் சூடான என்ஜின் மேல் சந்தனம் பட்டால் ஒரு வாசனை வரும். இன்றைக்கும் கோயிலில் சந்தனம் வாங்கி நெற்றியில் வைத்தால் எனக்குக் கூடவே டீசலும் மணக்கும். வலது கையால் பொட்டு வைத்தேன். எல்லோரும் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கையால் நாலு மணியையும் சட்டத்து ஓட்டைக்குள் விட்டேன்.

பானட்டை மூடினால் மணிகள் முன்பக்கம் உருண்டு வந்து என்ஜின் ஆட்டத்துக்குத் துள்ளும். டேப்பட் தளர்ந்தால் என்ஜினுக்குள்ளிருந்து டிக், டிக் என்று வருமே, அசல் அந்தச் சத்தம். தூக்கினால் பின்பக்கம் கீல் மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்ளும். இவ்வளவு அழகாக வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வக்கீல் வண்டியோடு வந்து நின்றார். "மூடுனா கேக்குது சார், தொறந்தா கேக்கல" என்றான் ஏழுமலை.

"அப்ப நான் பானட்ட தொறந்து வச்சிக்கிட்டே கோர்ட்டுக்குப் போவட்டுமாய்யா?" என்றார் வக்கீல்.

கார் ஸ்டாண்டில் அன்று முழுக்க இதே பேச்சு. பானட்டின் மேல் அவனுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ரப்பரை மாற்றினான், லாக்கை மாற்றினான், தூக்கி வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஆனால் புதிதாகக் கட்டிய என்ஜின் மேல்தான் எவனுக்கும் சந்தேகம் திரும்பத் திரும்பப் போகும். கட்டினவனுக்கு இன்னும் அதிகமாகப் போகும். டேப்பட்டை மூன்று தடவை கழற்றிச் சரிசெய்தான். ஒருமுறை என்ஜினையே இறக்கி ஏற்றினான். டீக்கடைக்கு அவன் வந்தால் யாராவது ஒருவர், "ஏழுமல வரான், தொறந்து வைங்கப்பா" என்பார். முதலில் அவனும் சேர்ந்துதான் சிரித்தான். பிறகு டீக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

ஒருநாள் அவன் மனைவி செல்வி எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. "அண்ணே, நீங்க ஒரு தடவ வந்து கேட்டுப் பாருங்கண்ணே. வூட்டுல ஒக்காந்தாலும் சத்தம் கேக்குதா, ஒனக்கு கேக்குதான்னே கெடக்குறாரு. சோறு எறங்க மாட்டேங்குது" என்றது.

போனேன். நீள ஸ்க்ரூடிரைவரை என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிறகு ஸ்க்ரூடிரைவரை என்னிடம் கொடுத்துவிட்டு, "கேக்குதாண்ணே?" என்றான். ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. காதை வைத்தேன். புது என்ஜின் அவ்வளவு சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஒரு என்ஜினை என்னால் கட்ட முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"உள்ளதான் எங்கியோ அடிக்குது. திரும்ப எறக்கிப் பாரு" என்றேன்.

திரும்ப இறக்கினான். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கடைசியில் வக்கீல் வண்டியை எங்கள் முதலாளியிடம் கொண்டுவந்து விட்டார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கம்பியை வளைத்து மணிகளை வெளியே எடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. ஆனாலும் இரண்டு நாள் வண்டியை வைத்திருந்து, நடுநடுவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். சத்தம் போய்விட்டது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தெல்லாம் என் பெயரைக் கேட்டுக்கொண்டு வண்டி வர ஆரம்பித்தது. சத்தம் பார்க்கிற மெக்கானிக் என்ற பெயரில்தான் பிற்பாடு சொந்தக் கடை வைத்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

ஏழுமலை ஒரு சாயங்காலம் வந்தான். "என்னாண்ணே இருந்துச்சி? ஒண்ணுமில்ல, தெரிஞ்சிக்கலாம்னுதான்."

"டைமிங் செயின் டென்ஷனர நீ சரியா மாட்டல" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "பாத்துத்தான் மாட்னேன்" என்றான். அப்புறம், "இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மாதமே ஷெட்டைப் பிரித்தான். பெண்ணாடம் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டப் போனதாகச் சொன்னார்கள்.

நாலைந்து வருஷம் முன்பு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்தான். பக்கத்தில் அவன் மகள், காலேஜ் படிக்கிறதாம். சொல்லிவிடலாம் என்றுதான் கிட்டே போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "என் வண்டியில ஒரு சத்தம் வருது, கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்றேன்.

"என் காது சரியில்லண்ணே. அதான் அப்பவே தெரிஞ்சி போச்சே" என்றான். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. பிறகு மகளிடம் திரும்பி, "வணக்கம் சொல்லும்மா. நான் சொல்வன்ல, எனக்குக் கேக்காத சத்தத்த கேட்டுச் சொன்னாருன்னு, இவருதான்" என்றான். அந்தப் பெண் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன்.

போன தை மாதம் அவன் செத்துப்போனான். அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ரோட்டோரப் பீங்கான் குவியலை அள்ளிவிட்டார்கள். வக்கீலும் இல்லை, அவருடைய அம்பாசிடர் எடைக்குப் போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிற ஆள் யாரும் இல்லை. சர்வீஸிலிருந்து வந்த அன்று நானே பானட்டைத் தூக்கி, உள்சட்டத்தின் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. மூடிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். டிக், டிக் என்று கேட்டது.