என் தங்கையின் தோலும் நான் கெடுத்த தண்ணீரும்

நீச்சல் குளத்துக்குக் குளோரின் போடுவது என் வேலை. அதே குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது என் தங்கையின் வேலை. அவளுக்கோ கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து தோலில் அரிப்பு. அண்ணன் மருந்தைக் கொட்டுவான், தங்கை அதில் போய் விழுவாள். இப்படி ஒரு கூத்து வேறு எந்த வீட்டிலாவது நடக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அதற்கு எக்ஸிமா என்று பெயர் சொன்னார். அம்மா கரப்பான் என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செதில் என்றார்கள். முழங்கை மடிப்பிலும், முழங்காலுக்குப் பின்னாலும், கழுத்திலும் தோல் சிவந்து தடித்துக் காய்ந்து உதிரும். வேறு பிள்ளையாக இருந்தால் அந்தப் பெயரைக் கேட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கும். இவள் வந்து பையை வீசிவிட்டு, "இனிமே நீங்களும் என்னை அப்படித்தான் கூப்பிடணும்" என்று உத்தரவு போட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "எல்லாரும் கூப்பிட்டா அவனுங்களுக்குச் சப்புன்னு போயிடும்ல?" என்று விளக்கம் வேறு. சொன்னபடியே ஒரு மாதத்தில் அந்தப் பெயரில் இருந்த காரம் போய்விட்டது. இன்று குளத்தில் பிள்ளைகள் "செதில் மிஸ்" என்று கத்துகிறார்கள். புதிதாக வரும் பெற்றோர்தான் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள்.

அவளிடம் பாவப்பட்டுப் பேசுகிறவர்கள் பாடு திண்டாட்டம். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். இதைத் தடவு, அதைச் சாப்பிடாதே, குளிக்கவே குளிக்காதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "உங்களுக்கு இருந்துச்சா இது?" என்று கேட்பாள். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. அதில் மயிரிழை பிசகாது. குளத்தில் இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் உடம்பை ஊற நனைப்பாள். ஏற்கெனவே நனைந்த தோல் குளத்துத் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காதாம். பிறகு மடிப்புகளில் களிம்பு, அதற்கு மேல் முழுக்கை நீச்சல் சட்டை. வகுப்பு முடிந்து கரையேறிய மூன்றாவது நிமிடம், குளத்தில் தீயே பிடித்தாலும் சரி, அவள் குளியலறையில்தான் இருப்பாள். சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் தண்ணீர், வாசனை இல்லாத குளியல் திரவம். துண்டால் தேய்க்க மாட்டாள், ஒற்றி எடுப்பாள். ஈரம் காய்வதற்குள் மறுபடி களிம்பு. தன் பிள்ளை எப்போது தலையை உள்ளே விடுவான் என்று கேட்க வரும் அம்மாக்கள் கதவுக்கு வெளியே காத்து நிற்க வேண்டியதுதான்.

வீட்டிலும் இதே கண்டிப்பு. அவள் துணிகளை இரண்டு முறை அலச வேண்டும். அம்மா ஒரு தடவை ஆசையாக வாசனைத் திரவம் ஊற்றி அலசிவிட்டாள். மூன்று நாள் வீட்டில் போர் நடந்தது. நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். அரிப்பு வந்தால் சொறிய மாட்டாள், உள்ளங்கையால் அந்த இடத்தை இறுக்கி அழுத்திக்கொண்டு நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு யாரையோ அடிக்கப் போகிறவளைத் தன் கையே பிடித்து வைத்திருப்பது போல இருக்கும். டாக்டர் கொடுத்த வீரியமான மருந்து, வெடிப்பு வந்த இடத்துக்கு மட்டும், சொன்ன நாளுக்கு மட்டும். ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இவளிடம் நான் கற்றுக்கொண்டிருந்தால் அந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். நீச்சல் ஆசிரியர்களுக்கு வருடத்துக்கு ஒரு தரம் மீட்புத் தேர்வு உண்டு. மயங்கிக் கிடப்பது போல் நடிக்கும் ஓர் ஆளை ஐம்பது மீட்டர் இழுத்து வந்து மூன்று நிமிடத்துக்குள் கரையேற்ற வேண்டும். தேறாதவர்கள் தண்ணீரில் இறங்கி வகுப்பு எடுக்க முடியாது. இந்த முறை தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"உங்க கையைப் பார்த்துட்டு ரெண்டு பேரண்ட்ஸ் இது ஒட்டிக்குமான்னு கேட்டாங்கம்மா. ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தது இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா இந்தத் தடவை தேர்வு மட்டும் கைவிட்டுப் போச்சுன்னா, டிக்கெட் கவுண்டர்ல ஆள் வேணும். அங்கதான் போடுவேன். அப்புறம் திரும்பக் கேட்கக்கூடாது."

"கைவிட்டுப் போகாது சார்" என்றாள் அவள். வெளியே வந்ததும் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் காற்று காய்ந்து கிடந்தது. மனதில் பாரம் ஏறினால் அவள் தோலுக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு மடிப்பும் வெடித்திருந்தன.

என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து குளோரின் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் வழக்கமான எண்ணையே எழுதினேன்.

இதில் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரின் அதிகமானதால் வருவதில்லை, பெரும்பாலும் அது போதாததால் வருவது. பிள்ளைகளின் வியர்வையும் இன்ன பிறவும் குளோரினோடு சேர்ந்து வேறொன்றாக மாறும். கண்ணை எரிப்பதும் தோலைக் கடிப்பதும் அதுதான். போதுமான அளவு போட்டால் அது எரிந்து போய்விடும், குறைத்தால் தங்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே கையை நீட்டி நீட்டி இதைச் சொல்லிக்கொடுப்பவன். தங்கை என்று வந்ததும் படித்த அறிவெல்லாம் எங்கோ ஓடிப் போய்விட்டது.

நான்கு நாளில் அவள் தோல் மோசமானது. கழுத்து முழுக்கச் சிவந்தது. முறை தவறாமல் எல்லாம் செய்தும் ஏன் இப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. தேர்வுக்கு முந்தின இரவு சாப்பிடும்போது முதல் தடவையாக, "எனக்கு வயசாகுதோ என்னவோ, தோல் தாங்கல" என்றாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நாளைக்குத் தேர்வு முடியட்டும், அப்புறம் அளவைச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தேர்வு அன்று காலை ஏழு மணிக்கு அவள் பம்ப் அறைக்குள் வந்தாள். கையில் குளத்துத் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாய். அதில் அவளே சொட்டு மருந்து விட்டிருந்தாள். குளோரின் போதாததால் நிறம் ஏறாமல் வெளுத்துக் கிடந்தது.

"அண்ணா, இது என்ன?"

நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"அதைப் பார்க்காத. என்னைப் பார்த்துச் சொல்லு."

சொன்னேன். உன் கைக்காகத்தான் என்றும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நேத்து வகுப்புல ஒரு சின்னப் பொண்ணு ரெண்டு வாய் இந்தத் தண்ணியைக் குடிச்சா. நான் சிரிச்சுக்கிட்டே முதுகைத் தட்டிக் கொடுத்தேன்" என்றாள். "என் தோலை நான் பார்த்துக்குவேன். உன்கிட்ட நான் கேட்டது தண்ணியை மட்டும்தான்."

அவள் நேரே தேர்வு அதிகாரியிடம் போனாள். அந்த அம்மாள் அப்போதுதான் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், தண்ணி சரியில்ல. குளத்தை மூடணும்."

"இன்னைக்குத் தேர்வு இல்லன்னா அடுத்த மாசம்தான் வருவேன். உங்க சர்டிபிகேட் இன்னையோட முடியுது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

குளம் மூடப்பட்டது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். மேலாளர் அவளை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார். "ஒரு மாசம்தான் பார்ப்பேன்" என்றார்.

அந்த ஒரு மாதத்தில் ஒரு அதிசயம் நடந்தது. அவள் தோல் ஆறிவிட்டது. முழங்கை மடிப்பில் பச்சைக் குழந்தையின் தோல் மாதிரி ஒன்று வந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அம்மா ஆசை ஆசையாக அதைத் தடவிப் பார்ப்பாள்.

"இப்படியே இருந்துடேன்டி. நிழல்ல உட்கார்ற வேலை. யார் என்ன குறை சொல்லப் போறாங்க?"

நானும் கூடச் சேர்ந்து தாளம் போட்டேன். எனக்கு அதில் ஒரு சுயநலம் இருந்தது. அவள் கவுண்டரிலேயே தங்கிவிட்டால் நான் செய்தது நல்லதில் முடிந்ததாகிவிடும் அல்லவா? அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சில்லறை கொடுத்துட்டு, அந்தப் பக்கம் தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கேன். தோல் உரியும், மருந்து போட்டா ஆறும். இதுக்கு எந்த மருந்தைப் போடறது?"

மறுநாள் அம்மாவே அவளுடைய நீச்சல் சட்டையை இரண்டு முறை அலசிக் கொடியில் போட்டாள்.

அடுத்த மாதம் அதிகாரி வந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. மயங்கியவராக நடிக்க வேண்டிய இன்னொரு ஆசிரியருக்குக் காய்ச்சல். ஆள் பெரியவராக இருக்க வேண்டும், எடை அவளைவிடக் கூட இருக்க வேண்டும். எல்லோரும் சொல்லி வைத்ததுபோல் என் தொப்பையைப் பார்த்தார்கள்.

"எனக்கு நீச்சல் தெரியாது மேடம்" என்றேன். இந்த வேலைக்கு வந்த பன்னிரண்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த மானம் அந்த ஒரு நொடியில் கப்பலேறியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நடிக்கவே வேண்டாம்" என்றார் அதிகாரி. "நான் கம்போட கரையிலேயே வர்றேன், பயப்படாதீங்க."

ஆழமான பக்கத்தில் என்னைக் கம்பியைப் பிடிக்க வைத்து, சொன்னதும் கையை விடு என்றார்கள். கையை விட்டேன். உயிரும் கூடவே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. ஒவ்வொரு நாளும் அளந்து, கலந்து, எழுதி வைத்த தண்ணீர் எனக்குச் சுத்தமாக அறிமுகமே இல்லாத தண்ணீராக இருந்தது. பயத்தில் கையையும் காலையும் உதறினேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து இறுகியது. அவளுடைய கைதான். நீச்சல் சட்டை மேலேறி முழங்கை மடிப்பு என் கழுத்தில் பட்டது. இரண்டு நாளாகத் தேர்வுக்குப் பயிற்சி எடுத்திருந்தாள். ஆறியிருந்த தோல் அதற்குள் மறுபடி சொரசொரப்பாகத் தொடங்கியிருந்தது. அந்தச் சொரசொரப்பு என் தாடையில் உரசியபடியே இருக்க, ஐம்பது மீட்டரும் அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வந்தது. தண்ணீரில் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

"வலிக்குதா?" என்றேன்.

"மயங்கினவன் பேசக்கூடாது. வாயை மூடு."

இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் நான் கரையில் கிடந்தேன். பிடித்து வைத்த மீன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அதிகாரி கடிகாரத்தை அழுத்திவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். மேலாளர் வந்து அவளிடம், "நாளையிலிருந்து வகுப்பைப் பார்த்துக்கங்க" என்றார்.

"நாளைக்கு எதுக்கு சார்? பிள்ளைங்க இப்பவே நிக்கிறாங்களே" என்றாள் அவள்.

அவள் எழுந்து நின்றாள். முழங்கை மடிப்பு சிவந்திருந்தது. குளியலறைப் பக்கம் போவாள், களிம்பை எடுப்பாள் என்று பார்த்தேன். அவள் குனிந்து என் காதருகே வந்தாள்.

"தண்ணி இன்னைக்கு நல்லா இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு மறுபடி குதித்துவிட்டாள்.