வெள்ளெலிக்கு வைத்த மருந்து

என் எலுமிச்சங்கன்றுகளை மொட்டையடித்தது ஒரு பச்சைப் புழு. கடலைக்காட்டில் வளை பறித்து, விளைந்ததையெல்லாம் இழுத்துப் போனது வெள்ளெலி. இரண்டும் தின்றது நான் பட்ட பாட்டைத்தான். ஆனாலும் புழுவை நான் நசுக்கவில்லை. நாளைக்கு அது கறுப்பும் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்குமே! வெள்ளெலி மட்டும் என்ன அவலட்சணமா? வெள்ளை வயிறு, உருண்டைக் கண், வால் நுனியில் குஞ்சம். அதற்குச் சிறகு முளைக்காது, அவ்வளவுதான். மருந்து கலந்த சோளத்தை வளை வளையாகப் போட்டுவிட்டு வந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஓடைப்பட்டியில் எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வருகிற ஒருத்தி, வெள்ளெலி பிடித்துக் கறிக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோவாள். மருந்து வைத்ததை அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று எனக்கு நினைப்பு இருந்தது. மறுநாள் காலை எலுமிச்சங்கன்றின் முன் குத்தவைத்திருந்தேன். பத்து நாளைக்கு முன்னே புழு கட்டிய கூடு வெடித்து, பூச்சி ஈரச் சிறகோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, நாலு எலி ஆம்பிட்டுச்சு. கொண்டு போறேன்" என்று பின்னால் அவள் குரல் கேட்டது.

"சரித்தா, போ" என்றேன். பாவி நான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிறகு காய்ந்து பூச்சி பறந்த பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. விழுந்தடித்து ஓடினேன். அதற்குள் ஒன்றைச் சுட்டு, முதலில் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளை வாசலில் சுருண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிள்ளை பிழைத்தது.

"உசுரோட துள்ளுச்சேக்கா! மருந்து தின்ன எலின்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அழுதாள்.

"நான்தான்த்தா வச்சேன். நீ சொன்னப்ப பூச்சியப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"பூச்சியவா?" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருஷம் கடலை பிடுங்கும்போது, அவித்த கடலையைப் பிள்ளையின் கை நிறையக் கொடுத்தேன். பிள்ளை வாயில் போடவில்லை, தாயைப் பார்த்தது. அவள் ஒரு கடலையை எடுத்து உடைத்துத் தின்றாள். சும்மா நின்றாள். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ம், தின்னு" என்று மகளிடம் சொன்னாள்.