பிளாஸ்டிக் மாலை போட்ட மாடு

லண்டனின் தெற்கு எல்லையில் சிறு நிலமொன்றில் இறைச்சிக்காக மூன்று மாடுகள் வளர்க்கிறேன். அதனால் மோர்டனில் வசிக்கும் என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைப்பதில்லை. ஆட்டிறைச்சியை மூக்குமுட்டத் தின்றுவிட்டு அவன் காட்டும் பக்தியை நான் ஒருநாளும் மதித்ததில்லை.

மாடுகளுக்கான பட்டிப் பொங்கலுக்கு முதல்நாள் அவனே போன் எடுத்தான்.

“அத்தான், பிள்ளையள் மாடு பார்க்கோணுமாம். நாளைக்கு வாறம். கொஞ்சம் குளிப்பாட்டி விடுங்கோ.”

ஜனவரிக் குளிரில் மாட்டைக் குளிப்பாட்டச் சொல்லும் அறிவாளி. மறுநாள் பிள்ளைகளோடு, வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட்டோடு வந்து, ஒரு மாட்டுக்குக் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, வீடியோவும் எடுத்தான்.

அவன் வீடியோவை ரசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மாடு அந்த மாலையை இழுத்து விழுங்கத் தொடங்கியது. பாதி உள்ளே போனதும் அதற்கு மூச்சு முட்டியது. அதன் தலையைக் கட்டிப் பிடிக்க நான் கயிறு எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது மைத்துனன் ஒரு கையால் அதன் நாக்கைப் பிடித்தபடி, மறுகையை வாய்க்குள் விட்டு மாலையை உருவிக்கொண்டிருந்தான். மாட்டின் பல் பட்டு அவன் விரல்களில் இரத்தம் வழிந்தது. மாடு இருமிவிட்டுத் தலையை உதறியது.

“இதையும் வெட்டக் குடுப்பியளோ, அத்தான்?”

“ஓம். வாற மாதம்.”

கொஞ்ச நேரம் அதன் நெற்றியைத் தடவினான். பிறகு, “குடிக்கத் தண்ணி தாங்கோ” என்றான்.

என் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன்; வாய் வைத்துக் குடித்தான்.

கோயிலில் அவன் இன்றும் என்னை இளக்காரமாகத்தான் பேசித் திரிகிறான். அந்த வாயை நான் இன்றும் மதிப்பதில்லை. அந்தக் கையைத்தான் மறக்க முடியவில்லை.