கூறைச் சட்டையும் மதாம் தெரேசாவின் சுவரும்

பிரான்சில், லா சப்பலில் நான் வேலை செய்த தையல் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். தரை முழுக்கப் பட்டுத் துண்டுகள் கிடக்கும். குளிர்காலத்தில் காலை வைத்தால் முதலில் சில்லென்றிருக்கும்... பிறகு கால் சூட்டிலேயே இதமாகிவிடும்.

கடை முதலாம் மாடியில். ஜன்னலுக்கு நேரே மெத்ரோ பாலம். ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி கிடுகிடுக்கும், நாங்கள் கதையை நிறுத்தமாட்டோம்.

கடைக்காரி ராணியக்கா. பிளவுஸ் வெட்டி மிஞ்சிய துண்டை யாராவது குப்பையில் போட்டால் போச்சு.

"எடியே, பட்டு அது! உனக்குக் கண் தெரியேல்லையோ?"

வேலை குறைந்த நாட்களில் அந்தத் துண்டுகளில் சட்டி பிடிக்கிற துணி தைப்போம். மேலே பட்டு, கீழே பருத்தி, கை சுடாமலிருக்க நடுவில் பழைய துவாய். எல்லாம் சேர்த்துக் குறுக்கும் மறுக்குமாக டயமண்ட் தையல். தேத்தண்ணிக் கேத்தல் பிடிக்கு உறையும் தைப்போம். ஜனவரியில் வருஷம் பிறந்தால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதுதான் அன்பளிப்பு.

ஒரு தை மாதச் சனிக்கிழமை மத்தியானம் புவனேஸ் அன்ரி படியேறி வந்தார். மறுநாள் அவருடைய மகள் துஷிக்குக் கலியாணம். வந்தவர் பையிலிருந்து நாங்கள் தைத்துக் கொடுத்த கூறை பிளவுஸை எடுத்து மேசையில் விரித்தார்.

ஐயோ... பிளவுஸின் இடது கையில் ஸ்திரிக்கைப் பெட்டியின் மூக்கு அப்படியே கருகிப் பதிந்திருந்தது.

"கனடாவிலையிருந்து தம்பி ரெலிபோன் எடுத்தவன் பிள்ளை... நான் பெட்டியை அப்பிடியே வைச்சிட்டு ஹலோ எண்டனான்..."

கூறைச் சேலை, பிளவுஸ் துண்டோடு, மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது. அதை உடுத்து வந்துதான் பொம்பிளை தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள்.

"வரப்போற மாமிக்காரி தும்மலுக்கும் சகுனம் பாக்கிற மனிசி அக்கா. கூறை கருகினதெண்டு தெரிஞ்சால் என்ரை பிள்ளையைக் காலம் முழுக்கக் குத்திக் காட்டுவா."

"சேலையின்ரை உள்பக்கத்திலை ஒரு துண்டு வெட்டுவமோ?" என்று கேட்டேன். நான் பிரான்சுக்கு வந்த புதிது. வாயும் கொஞ்சம் நீளம்.

"கூறையிலை கத்திரிக்கோல் வைக்கிறதோ! வாயைக் கழுவு!" ராணியக்கா போட்ட சத்தத்தில் மெத்ரோ சத்தம் கேட்கவில்லை.

அப்படியென்றால் பிளவுஸ் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றுதான் வழி. பிளவுஸ் தைத்துக் கொடுத்த அன்றைக்கே அதை அன்ரியிடம் நீட்டியபோது, எனக்கு எதற்கு, நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். ராணியக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தத் துண்டு சட்டி பிடிக்கிற துணியாகி, வருஷப் பிறப்பன்று கீழ்வீட்டுக்குப் போய்விட்டது.

கீழ்வீட்டில் இருந்தவர் மதாம் தெரேசா, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கல்காரக் கார்தியென். படியில் நூல் கிடந்தால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"இவ்வளவு நாளைக்கு அது எண்ணெயிலை ஊறியிருக்குமே" என்று அன்ரி தலையில் கை வைத்தார். மூன்று பேரும் இறங்கினோம்.

கதவு திறந்ததும் என் கண் அடுப்பைத்தான் தேடியது. அங்கே அந்தத் துணி இல்லை. சுவரில் ஆணியடித்து, மகனுடைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்! இவ்வளவு அழகான துணியால் யாராவது சட்டி பிடிப்பார்களா என்று எங்களையே ஏசினார்.

ராணியக்காவின் பிரெஞ்சு அவ்வளவுதான். "மதாம்... மரியாஜ்... துமான்" என்று, நாளைக்குக் கலியாணம் என்பதை அரைகுறையாகச் சொல்லி, பிளவுஸின் கருகிய கையைக் காட்டினார். மதாம் பிளவுஸைப் பார்த்தார், அன்ரியின் முகத்தைப் பார்த்தார். உடனே சுவரிலிருந்து துணியைக் கழற்றிக் கையில் தந்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களை நாளாந்தம் திட்டுகிற மனுஷி!

மேலே வந்து தையலைப் பிரித்தோம். துண்டை வெளிச்சத்தில் பிடித்தால்... முழுக்க டயமண்ட் தையலின் ஊசித் துளை. பட்டில் விழுந்த துளை மூடாது. சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ராணியக்கா தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார். பிறகு தங்க நூலை எடுத்தார்.

கருகிய இடத்தை வெட்டி அந்தத் துண்டை வைத்துத் தைத்தார். பிறகு அதே துளைகளுக்குள்ளேயே, ஒன்றுகூடத் தவறாமல், கையாலேயே தங்க நூலைக் கோத்துக்கொண்டு போனார். டயமண்ட் டயமண்டாக எழும்பி வந்தது. மற்றக் கையிலும் அதே மாதிரி. நான் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்ததோடு சரி, மற்றபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். பொழுதுபடுவதற்குள் பிளவுஸ் தயார். அதைப் பார்த்த அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

மறுநாள் துஷி கூறை உடுத்து மணவறைக்கு வந்தாள். மாமிக்காரி அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அன்ரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்ல வடிவாய் இருக்கு. எங்கை தைச்சனீங்கள்? என்ரை மகளுக்கும் இப்பிடித்தான் வேணும்."

அன்ரி கூப்பிட்டு வந்து, முன்வரிசையில் குளிர்ச்சட்டையோடு உட்கார்ந்திருந்த மதாம் தெரேசா எல்லோரையும் விடப் பலமாக அறுகரிசி போட்டார். அந்த வருஷம் முழுக்க எல்லாருக்கும் டயமண்ட் கை பிளவுஸ்தான் தைத்தோம்!

இப்போது புறநகர் ஓல்னேயில் வீட்டிலேயே தைக்கிறேன். கம்ப்யூட்டர் மெஷின். அந்த டயமண்டைக் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுத் தரும், குறை சொல்லமாட்டேன். மதாம் தெரேசா பென்சன் எடுத்து ஊருக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. இப்போது நான் இருக்கிற கட்டடத்திலும் கார்தியென் இல்லை, கோட் இலக்கம் அடித்தால் கதவு திறக்கிறது. வசதிதான்.

ஆனால் அன்ரி மாதிரி ஒருத்தி இன்றைக்குக் கருகிய கூறையோடு என்னிடம் வந்தால்... தைத்துக் கொடுத்துவிடுவேன். துண்டு கேட்டு எந்த வீட்டு மணியை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.