ஞானாபரணம் போட்ட ஹம்மிங்

ஞானாபரணம் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவித் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவுக்கு, அதாவது கொயருக்கு, மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கே போகிறார் என்பது அவருக்கும், கொயரில் இருந்த எட்டுப் பேருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ‘ஒரு சீக்காளியைப் பார்க்கப் போகிறோம்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அந்த ஒன்பது பேருக்கு இருந்த அளவு சீக்காளிச் சொந்தம் பம்பாயில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

அவர்கள் போனது சினிமாப் பாட்டுக்குக் கோரஸ் பாட. இந்திப் படத்தில் கதாநாயகி ஆற்றங்கரையில் பாடும்போது பின்னாலிருந்து ‘ஆ... ஆ...’ என்று கேட்குமே, அந்தக் கூட்டத்தில் திருநெல்வேலிக் குரல்களும் இருந்தன. ஸ்டுடியோக்களுக்குக் கோரஸ் ஆள் சேர்த்துவிடுகிறவர் நாணு என்ற மலையாளி. ஒரு கல்யாண வீட்டில் ஞானாபரணத்தின் கொயர் நாலு குரலாகப் பிரிந்து பாடுவதைக் கேட்டவர், அன்றைக்கே அவரை மடக்கிப் பிடித்துவிட்டார். கூலியும் உண்டுதான். ஆனால் ஞானாபரணம் போனது கூலிக்காக அல்ல. இருபது வயலின்கள் ஒரே மூச்சில் வில்லை இழுக்கும்போது பக்கத்தில் நிற்கக் கிடைக்கிற சுகத்துக்காகப் போனார்.

சபையில் சினிமா என்ற பேச்சே கூடாது. கமிட்டி செயலாளர் பொன்னுதுரை, சோப்புக் கடைக்காரர், சினிமா போஸ்டர் ஒட்டிய சுவரைக்கூடத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் நடத்துகிற சபையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது ஒன்பது பேருக்கும் தெரியும்.

கொயர் ஞானாபரணத்தின் கையால் உண்டானது. அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். தோல் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள். பாதிப் பேர் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களுக்குப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டோ, ரே, மி எழுத்துகளை எழுதிக் காட்டி, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியே பாடம் சொல்லி, பதினோரு வருஷத்தில் ஒரு கூட்டமாக்கியிருந்தார். பெண்களின் கீழ்க்குரலுக்கு, அதாவது ஆல்டோவுக்கு, சொர்ணம்மாள் தலைவி. சபைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஸ்டுடியோவுக்குப் போகும் எட்டுப் பேரில் ஒருத்தி. புருஷன் இறந்துபோய் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். மாஸ்டர் கண்ணசைத்தால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். அவளைக் கூடப் பிறந்தவளாகவே அவர் நினைத்தார். அப்படி நினைத்தது அவர் தப்பு என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. நம்புவது எப்போது தப்பாகிப் போனதோ தெரியவில்லை.

1962 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமைப் பயிற்சி. பாதியில் ஹார்மோனியத்தின் துருத்தி கிழிந்துவிட்டது. கீர்த்தனையில் ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் நடுவில் ஹார்மோனியம் வாசிக்கிற இடம் அம்போவென்று நின்றது.

“வாய மூடிக்கிட்டு நான் சொல்லுத மாதிரி முனங்குங்க” என்றார் ஞானாபரணம். ஆண்களின் தடித்த குரலைக் கீழே நிறுத்தினார். ஆல்டோவை மேலிருந்து மெல்ல இறக்கினார். ஆண்களின் மேல்குரலான தன் டெனரை நடுவில் ஓடவிட்டார். எட்டே எட்டுத் தாளம்.

“அண்ணாச்சி, துருத்தியத் தைக்கவே வேண்டாம். இப்படியே இருக்கட்டும்” என்றாள் சொர்ணம்மாள்.

இது கிறிஸ்மஸ் கீர்த்தனைக்குத்தான் சேரும், அதுவரைக்கும் வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி அதை எடுத்து வைத்தார். பதினோரு வருஷத்தில் அவராகப் போட்டது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் யாரோ போட்டதைச் சொல்லிக்கொடுத்ததுதான்.

எடுத்து வைத்ததை ஒரு மாதம்கூட அவரால் காப்பாற்ற முடியவில்லை. மார்ச்சில் செம்பூரில் ஒரு ஸ்டுடியோ. பாட்டின் நடுவில் ஒரு இடம் இசையமைப்பாளருக்குப் பிடிக்கவில்லை. வயலினை மாற்றினார்கள், புல்லாங்குழலை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் சரிப்படவில்லை. வாத்தியங்களுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுக்கும் கோவாக்காரர் எரிச்சலில் திரும்பி, “கோரஸ்வாலோ, தும் லோக் குச் கரோ!” என்றார், நீங்களாவது ஏதாவது செய்யுங்கள் என்று. எட்டுப் பேரும் ஞானாபரணத்தைப் பார்த்தார்கள். அவர் விரலை உயர்த்தினார். பிப்ரவரியில் பிறந்தது மார்ச்சில் டேப்பில் ஏறிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு ஞானாபரணத்துக்கு ஒரு வாரம் தூக்கம் வரவிடாமல் செய்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சொர்ணம்மாள் கேட்டாள்: “அது கோவிலுக்கு வச்சதாச்சே அண்ணாச்சி?”

“இந்திப் படத்த நம்ம ஆளுவ யாரு பாக்கப்போறா? பாதிப் பாட்டப் படம் எடுக்கவனே வெட்டிருவான்” என்றார். மனுஷன் அந்த இடத்தில்தான் சறுக்கினார்.

கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனையில் அந்த ஹம்மிங்கோடு கீர்த்தனையைப் பாடினார்கள். ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் வாசலில் ஞானாபரணத்தைக் கட்டிப்பிடித்தார். புதுத் துணி போட்ட இளவட்டங்கள் மத்தியானச் சோறு தின்ற கையோடு, கிறிஸ்மஸ்தோறும் செய்வதுபோல, வீட்டுக்குத் தெரியாமல் மாட்டுங்காப் பக்கம் மேட்னிக்குப் போனார்கள். முந்தின வெள்ளிக்கிழமை வந்த புதுப்படம். கதாநாயகி ஆற்றங்கரையில் நின்றாள். பாட்டு வந்தது. பாட்டின் நடுவில் அந்த எட்டுத் தாளமும் வந்தது. “ஏலே, நம்ம கோவில் பாட்டுலே!” என்று ஒருவன் இருட்டில் கத்தினான். விளக்கு வைப்பதற்குள் தாராவி முழுக்கப் பரவிவிட்டது. கிறிஸ்மஸ் அன்றைக்கு சினிமாவுக்குப் போன பாவத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

பொன்னுதுரை மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்டுடியோவுக்குப் போவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் ஞானாபரணம். கூட யார் யார் என்று கேட்டார். “நான் போனேன். என்னப் பத்தி மட்டும் கேளுங்க” என்றார். நாலு விதமாகக் கேட்டும் அதே பதில்தான். “சினிமாச் சாக்கடையக் கொண்டாந்து பீடத்துல ஊத்திட்டீரே!” என்று சொல்லிவிட்டுப் போனார் பொன்னுதுரை.

சினிமாவில் பாடியதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஞானாபரணம் தயாராக இருந்தார். சினிமாப் பாட்டைத் திருடிக் கோவிலில் பாடினான் என்ற பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. கோவிலிலிருந்துதான் அது ஸ்டுடியோவுக்குப் போனது, அங்கிருந்து இங்கே வரவில்லை. இதைத் தெரிந்தவர்கள் பிப்ரவரியில் அதைப் பாடிய இருபத்தொரு பேர். கமிட்டி விசாரணைக்கு முந்தின சாயங்காலம் சொர்ணம்மாள் அவர் வீட்டுக்கு வந்தாள்.

“போன பிப்ரவரியிலயே பயிற்சியில பாடினோம்னு ஒரே ஒரு ஆள் சொன்னாப் போதும் சொர்ணம். ஸ்டுடியோப் பேச்சே எடுக்க வேண்டாம்.”

“நான் சொல்லுதேன் அண்ணாச்சி. என் வாய என்ன தச்சா வச்சிருக்கு?” என்றாள். காப்பி குடித்துவிட்டு, அவர் மனைவியிடம் கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டுத்தான் போனாள்.

ஜனவரி முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. கொயரை வரிசையாக நிற்க வைத்தார்கள். இந்தப் பாட்டை மாஸ்டர் எப்போது சொல்லிக்கொடுத்தார் என்று போதகர் பொதுவாகக் கேட்டார். எட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள். மிச்சம் பதின்மூன்று பேருக்கு, தங்களை விட்டுவிட்டு ஒரு கூட்டம் ஸ்டுடியோவுக்குப் போய்வந்திருக்கிறது என்று இப்போதுதான் புரிந்து வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

“டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க” என்றார் போதகர்.

ஞானாபரணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“எனக்கு ஞாபகம் இல்லங்கய்யா. மாஸ்டர் சொல்லிக் குடுப்பாங்க, நாங்க பாடுவோம்.”

பொன்னுதுரை அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாஸ்டரைக் கொயரிலிருந்து நீக்குவதாகப் பத்து நிமிஷத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. கொயர் அலமாரிச் சாவியை ஞானாபரணம் மேஜையில் வைத்தார். எட்டுப் பேரையும் பெயர் சொல்லி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, பாவம், டீச்சர் வேலை போய்விடும் என்று பயந்திருப்பாள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று அவளுக்காக அவரே காரணம் தேடிக்கொண்டார். மனைவி அவளைத் திட்டியபோது தடுத்தார்.

நாணு அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆள் அனுப்பவில்லை. ரெக்கார்டிங் இல்லைபோல என்று நினைத்துக்கொண்டார். கோவிலில் நிற்க இடம் இல்லை, மைக்குக்கு முன்னாலாவது கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே செம்பூர் ஸ்டுடியோவுக்குப் போனார். நாணு அவரை வராந்தாவிலேயே மறித்தார்.

“மாஸ்டரே, இன்னிக்கு ஆள் மதியாயி. அடுத்த வட்டம் நோக்காம்.” ஆள் போதும், அடுத்த தடவை பார்க்கலாம் என்று மலையாளத்தில் சொன்னார்.

நாணுவின் தோளுக்கு மேல் கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. எட்டுப் பேரும் மைக்கைச் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்று விரலால் தாளம் காட்டிக்கொண்டிருந்தாள் சொர்ணம்மாள். அவர் காட்டுவது போலவே, கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு.

டீ நேரத்தில் வெளியே வந்தவள் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“எப்பலேர்ந்து சொர்ணம்?”

மறைக்கவில்லை அவள். “கமிட்டி கூடுச்சே, அன்னைக்கு மத்தியானமே வந்தோம் அண்ணாச்சி. ரெக்கார்டிங்குக்கு டேட் குடுத்திருந்தாங்க.”

சாவியை வைத்துவிட்டு அவர் வீட்டில் கவிழ்ந்து கிடந்த மத்தியானம் அது.

“நீங்க இனிமே இங்க வராதீங்க” என்றாள் தணிந்த குரலில். “பொன்னுதுரை உங்க பின்னால ஆள் விட்டுருப்பாரு. உங்களப் பாத்தா எங்களையும் பாத்துருவான்.”

“உங்க பேரச் சொல்லச் சொல்லி என்னப் போட்டு எந்தப் பாடு படுத்துனாங்க தெரியுமா? நான் வாயத் திறக்கலையே சொர்ணம்.”

“தெரியும் அண்ணாச்சி. நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரிஞ்சதுனாலதான நாங்க பேசாம இருந்தோம்.”

உள்ளே மணி அடித்தது. அவள் போய்விட்டாள்.

பயத்தில் செய்திருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஐந்து வாரமாகப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்ற தைரியத்தில் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இதைப் பொறுக்க அவருக்கு வழி தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த வயசான மராத்திக்காரர் மெல்ல அவர் முழங்கையைத் தொட்டு, வீட்டில் யாராவது தவறிப்போய்விட்டார்களா என்று இந்தியில் கேட்டார்.

“ஆமா” என்றார் ஞானாபரணம் தமிழிலேயே. பிறகு அவருக்குப் புரிய வேண்டுமே என்று இந்தியில் சொன்னார்: “ஆட் லோக்.” எட்டுப் பேர்.