வர்கலாக் குன்றும் இரண்டு தோசையும்

எங்கள் அக்காவின் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. முதல் திதிக்குப் பக்கத்திலிருக்கும் திருநாவாயே போதும் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் கடலோரக் குன்றைப் பார்க்க ஒருமுறை வர்கலா போகலாம் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார், போகவில்லை. அதனால் அங்கேதான் என்று அக்கா நின்றார். பிள்ளை இல்லாத வீடு. பெண் காரியம் செய்யக்கூடாது என்று மாமா இறந்த அன்று அக்காவை உள்ளேயே உட்காரவைத்து, பங்காளி மகனைக் கொண்டு எல்லாம் முடித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை மைத்துனன் நான் செய்வதாக ஏற்பாடு.

ஜனவரியில் கிளம்பினோம். அக்கா எலப்புள்ளியிலிருந்தும் நான் சித்தூரிலிருந்தும் பாலக்காடு வந்து இரவு ரயில் ஏறினோம். சுமார் 310 கிலோமீட்டர். படுக்கை வகுப்பு இருவருக்கும் 460 ரூபாய். ஏறுவதற்கு முன் நான் பரோட்டாவும் சிக்கனும் சாப்பிட்டேன். அக்கா இரண்டு வாழைப்பழத்தோடு படுத்துக்கொண்டார்.

காலை 5.40க்கு வர்கலா. குன்றின் வடபகுதிக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய். விளிம்பை ஒட்டிய நடைபாதை ஒன்றரைக் கிலோமீட்டர் போகிறது. போய்வர மெதுவாக ஒன்றரை மணி நேரம். நம் பக்கம் வீடு கட்டுகிற அதே வெட்டுக்கல்லின் செம்மண் நிறத்தில் குன்று செங்குத்தாக இறங்குகிறது. கீழே கடல். சில இடங்களில் கம்பித் தடுப்பு இல்லை, மண்ணும் சரிகிறது. செல்ஃபி ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நாரதரின் வல்கலம், அதாவது மரவுரி, விழுந்த இடம் என்பதால் வர்கலா என்கிறார்கள். ஜனார்த்தன சுவாமி கோயிலில் ஒரு பழைய மணி இருக்கிறது. காற்றில்லாமல் நின்றுபோன டச்சுக் கப்பலின் தலைவன் அதைக் கொடுத்த பிறகே பாய் விரிந்ததாம். ஆட்டோக்காரர் சொன்ன கதை. நாலணா குறைத்தே நம்பலாம்.

ஏழரைக்கு ஒரு கடையில் தோசை, இரண்டு 120 ரூபாய். அக்கா பசியில்லை என்றார். பயணக் களைப்பாக இருக்கும் என்று நானே இரண்டையும் முடித்தேன்.

எட்டரைக்குப் பாபநாசம் கடற்கரையில், இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் செய்யும் பலி மண்டபம். சீட்டு வாங்கி உட்காரப் போனபோது, ஒரிக்கல் இருந்தீர்களா என்று பூசாரி மலையாளத்தில் கேட்டார். முதல் நாள் ஒருவேளைதான் சோறு, இன்று வெறும் வயிறு, அதுதான் ஒரிக்கல். தோசை ஏப்பமாக வந்து சாட்சி சொன்னது. மாமாவுக்கு இதுகூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லையே என்று எனக்கு அவமானமாகிவிட்டது.

அக்கா முன்னால் வந்தார். "நான் இருந்தேனுங்க. நானே உக்காரலாமுங்களா?"

பூசாரிக்கு அது கேள்வியாகவே படவில்லை. வரிசையில் ஏற்கெனவே நான்கு பெண்கள் இருந்தார்கள். "இரிக்கூ அம்மே" என்று இலையை நகர்த்தி வைத்தார். அக்கா எள்ளும் தண்ணீரும் விட்டார், மாமா பெயரைச் சத்தமாகச் சொன்னார், அலையில் மூன்று முறை முங்கி எழுந்தார். நான் கரையில் செருப்பையும் பையையும் காத்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி ஏறும்போது, ஒரிக்கல் விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பக்கத்து ஊட்டுக்காரங்க சொன்னாங்க, தம்பி. உங்கிட்டச் சொன்னா நீயும் பட்டினி கெடப்பே. அப்பறம் நான் எப்படி உக்கார்றது?"

குன்று நடைக்கு விடிகாலையே நல்லது, எட்டு மணிக்கு மேல் வெயில் சுடும். மாற்று உடை அவசியம். பலிக்கு வருபவர்கள் வெறும் வயிற்றோடு வாருங்கள். கூட வருகிற அக்கா பசியில்லை என்றால், காரணம் கேட்காமல் அவர் தோசையையும் சாப்பிட்டுவிடுங்கள்.